நாலு மணி ஆராதனையும் தரங்கம்பாடி அறிக்கையும்

போன தை மாதம், வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய் இரவு. ஊர்த் தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒன்பது பேர் இருந்தோம். மேசையில் தெர்மோசில் கோப்பி, தட்டில் பிஸ்கற். எட்டுப் பேர் டெனிஸ்காரர், ஒன்பதாவது ஆள் அடியேன். பேச்சு ஒன்றே ஒன்றுதான்: வருகிற மார்கழி 24ஆம் திகதி பின்னேரம் நாலு மணி ஆராதனை எந்தத் தேவாலயத்தில்?

சிரிக்காதீர்கள். ஒன்றரை மணித்தியாலம் இதே கதைதான்.

டென்மார்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்ற நாட்டு உறவுகளுக்காகச் சொல்கிறேன். இங்கே நாடு முழுவதும் 'சொக்ன்' எனப்படும் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, 2,000க்கும் மேல். ஒவ்வொரு பங்குக்கும் மக்கள் தெரிவுசெய்யும் ஒரு சபை உண்டு. 'மெனிஹெட்ஸ்ரோட்' என்பார்கள். 1903இல் வந்த சட்டம் அது. பாதிரியாரைத் தெரிவதில் இருந்து கூரை ஓடு மாற்றுவது வரை அவர்கள் பொறுப்பு. நாங்கள் அகதியாக வந்த காலத்தில் பிள்ளை பிறந்தால் பதியப் போனதும் இந்தப் பங்கு அலுவலகத்துக்குத்தானே! சைவமோ, வேதமோ, ஊரில் எந்தக் கோயிலோ, பிள்ளையின் பெயர் ஏறியது பாதிரியாரின் புத்தகத்தில்.

இப்போது கிராமங்களில் சனம் குறைந்துவிட்டது. தேவாலயத்துக்கு வருகிற சனம் அதைவிடக் குறைவு. எங்கள் பங்கையும் பக்கத்து இரண்டு பங்குகளையும் ஒன்றாக்கினார்கள். மூன்று தேவாலயம், ஒரு சபை, ஒரு பாதிரியார். ஞாயிறுகளில் சிக்கல் இல்லை, வருவது பத்துப் பதினைந்து பேர். ஆனால் நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் வருடம் முழுவதும் வராதவர்களும் பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். நாலு மணிக்கு ஆராதனை, பிறகு வீட்டில் வாத்து இறைச்சி, பிறகு மரத்தைச் சுற்றிப் பாட்டு. மூன்று ஊருக்கும் அந்த நாலு மணிதான் வேண்டும். பாதிரியாரோ ஒருவர்!

"என் பாட்டன் காலத்தில் இருந்து எங்களுக்கு நாலு மணி" என்றார் ஒரு வயதான கமக்காரர். "எங்களுக்கு மட்டும் என்ன, காலை நாலு மணியா?" என்று மற்ற ஊர் அம்மா கேட்டார். நான் சிரித்துவிட்டேன். தலைவி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "மன்னிக்க வேண்டும், எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது" என்றேன்.

எங்கள் ஊர் என்று நான் சொன்னது என் வீட்டையே. அப்பா உடுவில், அமெரிக்க மிஷன் குடும்பம். அம்மா சுண்டிக்குளி, அங்கிலிக்கன் குடும்பம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் வழி. யாழ்ப்பாணத்தில் புரட்டஸ்தாந்து என்றால் அன்று மூன்று வீட்டார். 1814இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷன், 1816இல் தெல்லிப்பழையில் இறங்கிய அமெரிக்கர், 1818இல் நல்லூருக்கு வந்த இங்கிலாந்தின் சேர்ச் மிஷன். பட்டணமும் பருத்தித்துறையும் ஒருவருக்கு, வலிகாமமும் தென்மராட்சியும் ஒருவருக்கு, நல்லூர், கோப்பாய், சுண்டிக்குளி மற்றவருக்கு. வயலுக்கு வரம்பு கட்டினமாதிரிப் பிரித்துக்கொண்டார்கள். உடுவிலுக்கும் சுண்டிக்குளிக்கும் இடையில் சைக்கிளில் அரை மணித்தியாலம். ஆனால் என் அம்மம்மா கடைசிவரை அப்பாவின் கோயிலில் திருவிருந்து எடுத்ததில்லை. பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத ஐயர் தருகிற அப்பம் அவவுக்கு அப்பம் இல்லை. அப்பாவின் ஆட்களுக்கோ பேராயர் என்ற சொல்லே ஆகாது. அமெரிக்காவில் இருந்து வந்த அந்த மிஷனரிமாரின் முன்னோர் பேராயர்மாரோடு முரண்பட்டுத்தான் இங்கிலாந்தை விட்டே போனவர்கள். ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராசா.

இந்த இரண்டு பேரையும் ஒரே பங்கில் இருத்தி நடத்தினால் எப்படி இருக்கும்? நடத்திக் காட்டினார்கள் என்பதுதான் நான் அன்று மண்டபத்தில் சொன்ன கதை. அது தொடங்கிய இடம் ஒரு டெனிஸ் கோட்டையின் நிழலில் என்று சொன்னபோது எட்டுப் பேரும் கோப்பியைக் கீழே வைத்தார்கள்.

தரங்கம்பாடி. 1620 முதல் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை டென்மார்க்கின் கையில் இருந்த ஊர். டென்மார்க் ராசா நாலாம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்க்கும் புளூட்சோவும் 1706 ஆடி மாதம் அங்கே இறங்கினார்கள். தமிழ்நாட்டின் புரட்டஸ்தாந்து மிஷன் கதை அங்கேதான் தொடங்குகிறது. இருநூறு வருடம் கழித்து, 1919 வைகாசியில், அதே ஊரில் 33 பேர் கூடினார்கள். அநேகமாக எல்லோரும் இந்தியர். அங்கிலிக்கன் பேராயர் அசரியா, மறுபக்கத்தில் 1908இலேயே பிரெஸ்பிற்றேரியரும் கொங்கிரிகேஷனல்காரரும் சேர்ந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையின் சந்தியாகு. எங்கள் யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் சபைகளும் அந்த ஐக்கிய சபையில்தான் இருந்தன. ஐரோப்பாவில் உங்கள் பாட்டன்மார் போட்ட சண்டையை நாங்கள் ஏன் தமிழில் தொடர வேண்டும் என்பதே அந்த 33 பேரின் கேள்வியின் சாரம். ஒன்றாவோம் என்று அறிக்கை விட்டார்கள்.

அதற்குப் பிறகு 28 வருடம் பேச்சுவார்த்தை. 1947 புரட்டாதி 27ஆம் திகதி சென்னை சென் ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அங்கிலிக்கர், மெதடிஸ்ற், ஐக்கிய சபையார் எல்லாம் சேர்ந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். இந்தியா இரண்டாக உடைந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஒன்று சேர்ந்த ஆட்கள் இவர்கள்.

இதில் வேடிக்கை, தரங்கம்பாடி லுத்தரன் சபை இந்த ஒன்றிப்பில் சேரவில்லை. 1919 தையில்தான் அவர்கள் தங்களுக்கென்று தனித் திருச்சபை அமைத்திருந்தார்கள். வீட்டைக் கொடுத்தார்கள், கலியாணத்துக்கு வரவில்லை!

சேர்வது ஒரு நாள் வேலை. மறுநாள் காலையில் பங்கை நடத்துவது யார்? ஸ்கொட்லாந்துத் திருச்சபை அனுப்பிய பிரெஸ்பிற்றேரியர் ஒருவர், லெஸ்லி நியூபிகின், 37 வயதில் மதுரை, இராமநாதபுரத்துக்குப் பேராயரானார். பேராயரே இல்லாத சபையில் வளர்ந்த மனிசன் பேராயராக ஊர் ஊராகப் போனார். அவர்களைக் காப்பாற்றியவை இரண்டு விதிகள் என்பது என் கருத்து.

முதலாவது, ஏற்கனவே குருவாக இருப்பவர் எந்த வழியில் வந்தாலும் குருதான். இனிமேல் அபிஷேகம் பண்ணப்படுபவர்கள் மட்டும் பேராயர் கையால். முப்பது வருடத்தில் இரண்டு வகையும் தானாக ஒரு வகையாகிவிடும். அவசரம் இல்லை. இரண்டாவது, எந்தச் சபைக்கும் அதன் மனச்சாட்சி ஏற்காத வழிபாட்டையோ, பழக்கமில்லாத குருவையோ திணிப்பதில்லை என்ற வாக்குறுதி. முழங்காலில் நிற்பவன் நிற்கட்டும், இருப்பவன் இருக்கட்டும். பொதுவான திருவிருந்து முறையை 1950இல்தான் வெளியிட்டார்கள், அதுவும் கட்டாயமில்லை. ஆனால் அது நன்றாக இருந்தபடியால் மெல்ல மெல்லப் பரவியது. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து சமாதானம் சொல்வதைச் சாதாரண சனத்துக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த முறைதான். பிறகு மேற்கு நாட்டுச் சபைகளும் அந்த வழியில் வந்தன.

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஆந்திராவில் நந்தியால் அங்கிலிக்கரில் பெரும்பகுதி வெளியே நின்றுவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை இந்தப் புதுப் பிள்ளையை வாசலில் நிற்கவைத்தது. பேராயரால் அபிஷேகம் பெற்ற குருமாரை அங்கீகரிக்கவே 1955 வரை எடுத்தது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அமெரிக்க மிஷன் சபைகள் சேர்ந்தன. பேராயர் என்ற சொல்லுக்கு முகம் சுளித்த சனத்துக்கு 1947இல் சபாபதி குலேந்திரன் முதல் பேராயரானார், 1970 வரை இருந்தார். வட்டுக்கோட்டைக் கோயில் பேராலயமானது. ஆனால் அம்மாவின் அங்கிலிக்கரும் பட்டணத்து மெதடிஸ்ற்காரரும் சேரவில்லை. அவர்களின் தலைமைகள் தெற்கோடு கட்டுப்பட்டவை. கொழும்பு பொறுத்திருங்கள், இலங்கைக்கென்று தனி ஒன்றிப்பு வரும் என்றது. அங்கிலிக்கர், மெதடிஸ்ற், பப்ரிஸ்ற், பிரெஸ்பிற்றேரியர், எங்கள் யாழ்ப்பாணப் பேராயம் எல்லாம் சேர்ந்த 'லங்கா திருச்சபை'. அங்கே முப்பது வருடம் காத்திருப்பது கிடையாது, முதல் நாளே எல்லாக் குருமாரின் தலையிலும் கைவைத்து ஒன்றாக்கிவிடுவது என்று திட்டம்.

1972 கடைசியில் தொடக்க விழா என்று ஆயத்தம் நடந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பா அதற்கென்று ஒரு புதுச் சால்வை வாங்கி அலுமாரியில் வைத்தார். "இனி உன்ரை அம்மாவும் நானும் ஒரே கோயில்" என்று சொன்னது ஞாபகம். ஒன்றிப்பை ஏற்காத சிலர் நீதிமன்றம் போனார்கள். விழா நின்றது, பிறகு நடக்கவே இல்லை. அம்மம்மா சுண்டிக்குளியில் அடக்கம், அப்பப்பா உடுவிலில். சால்வை இடம்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது.

என்னுடைய வாசிப்பு இதுதான். தென்னிந்தியாவில் காலத்தை நம்பினார்கள், யாரிடமும் எதையும் முதல் நாளே பறிக்கவில்லை. இலங்கையில் கோட்பாட்டை ஓட்டை இல்லாமல் செய்துவிட்டு, சேராமல் நிற்க விரும்புகிறவனுக்கு என்ன வழி என்பதை உரிய நேரத்தில் தீர்க்கவில்லை. அவன் வழக்கறிஞரிடம் போனான்.

டெனிஸ்காரருக்கு இது புதிதல்ல என்றும் அன்று சொன்னேன். தன் பங்குப் பாதிரியாரைப் பிடிக்காதவன் வேறு பங்குப் பாதிரியாரிடம் போகலாம் என்று 1855இலேயே சட்டம் போட்டவர்கள் இவர்கள். அவனை அடித்து உள்ளே வைக்காதபடியால்தான் இன்னும் நாட்டில் பத்துப் பேரில் ஏழு பேராவது இந்தத் திருச்சபையில் பெயரளவிலாவது இருக்கிறார்கள்.

எனக்கும் இதில் ஒரு சுயநலம் உண்டு. அம்மா 90களில் இங்கே வந்தா. டென்மார்க் திருச்சபை அங்கிலிக்கரோடு போர்வோ உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 2010இல். மற்ற வடநாட்டு லுத்தரன் சபைகளில் பெரும்பாலானவை 90களிலேயே முடித்துவிட்டன, இவர்கள் தயங்கினார்கள். ஆனால் அம்மா அந்தக் கடதாசிக்குக் காத்திருக்கவில்லை. வந்த முதல் மாதமே, மூன்றாவது ஊரின் அந்தச் சின்னக் கருங்கல் தேவாலயத்தில் முழங்காலில் நின்று கையை நீட்டினா. ஒரு பெண் பாதிரியார் அப்பத்தை வைத்தார். "அம்மா, அம்மம்மா பார்த்தா என்ன சொல்லுவா?" என்று கேட்டேன். "பசிக்குது எண்டு வந்தவையிட்டை ஆர் சமைச்சது எண்டு கேக்கிறேல்லைத் தம்பி" என்றா. 2012இல் அந்தத் தேவாலயத்தின் சவக்காலையில்தான் அம்மாவை அடக்கம் செய்தோம். மூன்றில் மிகச் சிறியது அதுதான். ஆராதனையைக் குறைப்பது என்று வந்தால் முதலில் பூட்டப்படுவதும் அதுதான்.

கூட்டம் முடிய இரவு பத்து மணி. தீர்மானம் இவ்வளவுதான். நாலு மணி மூன்று ஊருக்கும் வருடத்துக்கு ஒன்றாகச் சுற்றிவரும், மற்ற இரண்டு ஊருக்கும் ஒன்றரையும் இரண்டே முக்காலும். மூன்று சவக்காலைக் கணக்கும் இப்போதைக்குத் தனித்தனி. எந்தத் தேவாலயத்தின் திறப்பும் அந்தந்த ஊரில் இருப்பவரிடமே இருக்கும். நாலு வருடத்துக்குப் பாட்டு ஒழுங்கையோ கோப்பி நேரத்தையோ யாரும் தொடுவதில்லை. ஒருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. கமக்காரர் மட்டும் வெளியில் வந்து கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டியபடி கேட்டார்: "அந்தத் தரங்கம்பாடியில் 33 பேரும் எத்தனை மணிக்குக் கூட்டத்தை முடித்தார்கள்?" "28 வருடம் எடுத்தது" என்றேன்.

புலம்பெயர்ந்த எங்களுக்கும் இது ஒரு பாடம். பிள்ளைகள் குறையக் குறைய எங்கள் தமிழ்ப் பாடசாலைகளும் சங்கங்களும் கோயில் சபைகளும் ஒருநாள் ஒன்றாகத்தான் வேண்டும். அப்போது யார் தலைவர், யாருடைய பெயர்ப் பலகை என்று தொடங்காதீர்கள். ஒவ்வொருவரும் எதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்பதை முதலில் எழுதி வையுங்கள். மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

இந்த வருடம் நாலு மணி சின்னத் தேவாலயத்துக்கு விழுந்திருக்கிறது. கதிரை போதாது என்று இப்போதே முறைப்பாடு. நான் கொஞ்சம் நேரத்தோடு போய் அம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பின்வரிசையில் நிற்பதாக இருக்கிறேன்.