நம் குடலுக்குள் ஒரு கூட்டு வியாபாரம்

காலரா தாத்தா காலத்து நோய் என்று நினைப்பவர்கள் காரைக்கால்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 2022 ஜூலையில் எங்கள் மாவட்டத்தில் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவியது. சிலருக்குக் காலரா என்றே உறுதியானது. புதுச்சேரி சுகாதாரத்துறை பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். காரைக்கால்மேட்டில் எங்கு பார்த்தாலும் காய்ச்சிய தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பற்றிய பேச்சுதான்.

அந்தப் பொட்டலத்தின் வரலாற்றில் நம் வேலூருக்கும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. காமர்ஸ் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. கடைசியில் இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான்!

முதலில் கல்கத்தா. காலரா கிருமி வெளிவிடும் ஒரு நச்சுதான் வயிற்றுப்போக்குக்குக் காரணம் என்று 1959-ல் சம்பு நாத் தே காட்டினார். இந்த நச்சு குடலின் உட்சுவரைப் பிய்த்துப் போடுவதில்லை. சுவர் அப்படியேதான் இருக்கும். ஆனால் உடம்பில் இருக்கும் உப்பும் தண்ணீரும் மடை திறந்தாற்போலக் குடலுக்குள் கொட்டும். ஆளைக் கொல்வது இந்த இழப்புதான்.

சுவர் கெடவில்லை என்பதில்தான் வழியும் இருந்தது. சர்க்கரையோடு சேர்த்துக் கொடுத்தால் சிறுகுடல் அந்த நிலையிலும் உப்பை உறிஞ்சும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் வரும். 1971-ல் வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதை நம்பி, சர்க்கரை உப்புக் கரைசலை வாயாலேயே கொடுக்கச் சொன்னார். அங்கே சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால் ஒரு குறை. கரைசல் உயிரைக் காப்பாற்றியது, போக்கை நிறுத்தவில்லை. எங்கள் பாடத்தின் பாஷையில் சொன்னால், வரவு கூடியது, செலவு குறையவில்லை. குடிக்கக் குடிக்கப் போய்க்கொண்டே இருந்தால் "இந்த மருந்து கேட்கவில்லை" என்று பெற்ற தாய்க்கே நம்பிக்கை போய்விடும் அல்லவா?

இங்கேதான் பெருங்குடல் வருகிறது. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நமக்குச் செரிக்காத மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் அவை நொதிக்க வைத்துச் சில கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரேட். பெருங்குடல் உட்சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன என்று 1980-ல் ரோடிகர் என்ற ஆய்வாளர் காட்டினார். இந்த அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சவும் தூண்டுகின்றன. மிச்சம் மீதியைத் தின்றுவிட்டு, வீட்டுச் சுவரைப் பராமரிக்கும் குடித்தனக்காரர்கள்!

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் வி.ஐ. மாதனும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், கடும் வயிற்றுப்போக்கின்போது இந்த அமிலங்கள் குறைந்துபோவதையும், திரும்பக் கொடுத்தால் பெருங்குடல் மறுபடி தண்ணீரை உறிஞ்சுவதையும் கண்டார்கள். அப்படியானால் பாக்டீரியாக்களுக்கே தீனி போட்டால் என்ன?

போட்டுப் பார்த்தார்கள். காலரா நோயாளிகள் 48 பேர், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல். இன்னொன்றுக்கு அதோடு அரிசி மாவு. மூன்றாவதுக்கு லிட்டருக்கு 50 கிராம் வீதம், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் ஒருவகை மக்காச்சோள மாவு. வழக்கமான கரைசலில் சராசரியாகச் சுமார் 91 மணி நேரம் நீடித்த வயிற்றுப்போக்கு, செரிக்காத மாவு பெற்றவர்களுக்குச் சுமார் 57 மணி நேரத்தில் நின்றது. வெளியேறிய மலத்தின் அளவும் குறைந்தது. ஆக, செலவும் குறைந்துவிட்டது! 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டது. 2006-ல் குழந்தைகளிடம் நடந்த வேலூர் ஆய்விலும் பலன் தெரிந்தது.

தீனி போடாவிட்டால்? 2016-ல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. நார்ச்சத்து கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப் படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்கின. அந்த ஓட்டை வழியே நோய்க்கிருமிக்கும் வேலை சுலபமானது. கூலி கொடுக்காத முதலாளியின் கடையில் கைவைப்பது போலத்தான்.

சோற்றை ஆறவைத்தால் அதிலும் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும். அதற்காக, வயிற்றுப்போக்கு வந்தால் பழைய சோறு போதும் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். வேலூரில் மாவு தனியாக வேலை செய்யவில்லை, கரைசலோடு சேர்ந்துதான் செய்தது. நீங்களாக மாவைக் கலக்கவும் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சொன்ன அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போக்கு நிற்கவில்லையே என்று கரைசலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உயிரைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.