போனக்காட்டின் பெயரில் ஒரு கோப்பை

தேயிலையைச் சுவைத்து வகை பிரித்தறிவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நண்பர்கள் சிலர் எனக்குண்டு. அவர்களது அலமாரியில் டார்ஜிலிங்கின் முதற்கொழுந்து, நீலகிரியின் பனிக்காலத் தேயிலை, இலங்கையின் ஊவா, நுவரெலியா, சீனத்து ஊலாங் எனப் புட்டிகள் தத்தம் பெயர் தாங்கி வரிசையாக நிற்கும். அவர்களுள் ஒருவர் அண்மையில், "திருவனந்தபுரம் மாவட்டத்திலும் தேயிலை விளைந்ததாமே, அதன் சுவை எப்படி இருக்கும்?" என்று வினவினார். தென் திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களின் வரலாற்றைப் படித்துவருபவன் என்ற முறையில் உடனே விடை கூறியிருக்க வேண்டும். இயலவில்லை. போனக்காட்டுத் தேயிலையை அப்பெயரிலேயே எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

போனக்காடு, நெடுமங்காடு வட்டத்தில் விதுரைக்கு அப்பால், பேப்பாறைக் காடுகளைக் கடந்து செல்லும் மலைச்சாலையின் முடிவில் உள்ளது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடந்து ஏறுவோர் வனத்துறையின் அனுமதி பெற்று இங்கிருந்துதான் புறப்படுகின்றனர். தமிழ் முனிவரின் பெயர் கொண்ட சிகரத்தின் அடிவாரத்தில், மலையாள நாட்டு எல்லைக்குள், லயங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவருவது பலர் அறியாத செய்தி.

ஊரின் பெயரை ஆங்கிலத்தில் 'பான் அக்கார்ட்' என்றும் எழுதுவதுண்டு. இது ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து முத்திரை வாசகம். நல்லிணக்கம் என்பது பொருள். பொன்முடியைச் சூழ்ந்த மற்றத் தோட்டங்களும் மெர்ச்சிஸ்டன், பிரேமோர் என்று ஸ்காட்டிய வாடையுடனேயே விளங்குவதால், 'காடு' என்ற ஈறு தமிழ், மலையாள நாவுகள் பிற்காலத்தில் தந்த கொடை என்று கருதுகிறேன். தென் திருவிதாங்கூர் மலைகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர் முதலில் நாடியது காப்பியைத்தான். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தென்னிந்தியாவையும் எட்டிக் காப்பியை அழித்தது. அழிந்த காப்பிக்கு மாற்றாகவே தேயிலை இம்மலைகளில் பரவியது. நாம் இன்று மரபு என்று நினைக்கும் பச்சைச் சரிவுகள் ஒரு பூஞ்சையின் விளைவு எனலாம்.

இனிச் சுவைக்கு வருவோம். நண்பர்கள் பொழுதுபோக்காகச் செய்வது, தோற்றத்தில் ஒரு வணிகத் தொழில். அளவு குறித்த தேயிலையை மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் குவளையில் இட்டுக் கொதிநீர் ஊற்றி, நேரம் பார்த்து வடித்து, கரண்டியால் ஓசையெழ உறிஞ்சி, நாக்கில் பரப்பித் துப்புவது ஏல நிறுவனங்களின் சுவைஞர் வழக்கம். ஆங்கிலேயர் காலத்தில் ஆறு பென்னி நாணயத்தின் எடையே அளவாக இருந்தது. 1980இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 3103 என்ற தரவிதி, 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல் என வரையறுத்தது. சாயத்தின் நிறம், திண்மை, நாக்கைச் சுண்டும் துடிப்பு, ஊறிய இலையின் மணம் ஆகியவற்றைக் கொண்டு சுவைஞர் மதிப்பு இடுவார். அம்மதிப்பு ஏல விலையாகும். விலை தோட்டத்தின் இலாபமாகும். மலையில் கூடை சுமப்பவளின் கூலியும் அதனோடு பிணைந்ததே. இந்தச் சங்கிலியை நினையாமல் நான் இப்போதெல்லாம் கரண்டியை எடுப்பதில்லை. (நண்பர்களுக்கு இது சற்று எரிச்சல்.)

ஊவாத் தேயிலை தன் பெயரைக் காத்துக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. ஆண்டின் நடுவில் அம்மலைகளில் வீசும் வறண்ட காற்றால் கொழுந்து மெல்ல வளர்ந்து தனி மணம் பெறுகிறது. அந்த மணத்துக்கு விலை தர வாங்குவோர் இருந்தனர். டார்ஜிலிங்கும் அவ்வாறே, இந்தியாவின் முதற் புவிசார் குறியீடு அதற்கே கிட்டியது. அகத்தியமலையின் மேற்குச் சரிவிலோ இரு பருவமழையும் பொழியும். மழையில் கொழுந்து விரைந்து எழும். எடை கூடும், மணம் தேறுவது அரிது. 1930களின் தொடக்கத்தில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. எந்திரம், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கியது. குறைந்த தூளில் மிகுந்த சாயம். பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றிக் குடிக்கும் தென்னாட்டுக்கு அதுவே உகந்ததாயிற்று. 1947இல் கொச்சியில் தொடங்கிய ஏலத்தில் பல தோட்டத் தூள்களை வாங்கிக் கலப்போர், என்றும் மாறாத ஒரே சுவையை வணிகப்பெயரில் விற்றனர். அக்கலவையில் ஊர்ப்பெயருக்கு இடமில்லை. திருவனந்தபுரத்துச் சாயாக்கடையில் போனக்காட்டைக் குடித்தவர் பலர் இருந்திருக்கலாம். குடித்ததை அவர்களும் அறியார்.

சோவியத் ஒன்றியம் 1991இல் சிதைந்தபோது தென்னிந்தியத் தேயிலை தன் பெரும் சந்தையை இழந்தது. 1990களின் இறுதியில் விலை சரிந்தது. கேரளத்தில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின, போனக்காடும் தப்பவில்லை. தொழிற்சாலை ஓய்ந்தது. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. மலையின் மறுசரிவில், 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் குத்தகை பெற்று உருவான மாஞ்சோலையின் கதை தமிழ் வாசகர் அறிந்ததே. கூலி உரிமைக்கான போராட்டத்தின்போது 1999இல் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. போனக்காட்டில் அப்படி ஒரு நாள் இல்லை. ஆகவே அதற்கு நினைவுநாளும் இல்லை. அதற்குப் பதிலாகப் பேய் இருக்கிறது! வெள்ளையர் காலத்து மேலாளர் பங்களாவில் ஒரு சிறுமியின் ஆவி உலவுவதாகக் காணொளி எடுக்க இளைஞர் கூட்டம் வருகிறது. அவர்கள் கடந்துசெல்லும் லயங்களின் கூரையில் தார்ப்பாய் கட்டியிருப்பதை ஒரு காணொளியிலும் நான் பார்க்கவில்லை.

நண்பரின் வினாவுக்கு விடை ஒரு லயத்தில்தான் கிடைத்தது. கவாத்து இல்லாமற் போனால் தேயிலை செடியாக நில்லாது, மரமாகிவிடும். பழைய தொழிலாளியான ஓர் ஆச்சி, கிளையை வளைத்துப் பிடித்து இரண்டிலையும் மொட்டுமாகப் பறித்துவந்ததைக் காட்டினார். முறத்தில் ஓர் இரவு வாட்டி, உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தித் தேய்த்துச் சுருட்டி, ஈரத்துணி மூடி நிறம் மாறும்வரை வைத்து, இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் உலர்த்துவாராம். வாட்டல், சுருட்டல், நொதித்தல், உலர்த்தல் என்று எந்திரம் வருமுன் இருந்த நான்கு படிகளும் அப்படியே. இவ்வாறு கையால் சுருட்டிய தேயிலைக்கு நண்பர்கள் நூறு கிராமுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைச் சொன்னபோது ஆச்சி நம்பவில்லை.

"வெலைக்கு வாங்க முடியாமத்தான தம்பி கையால செய்யிறோம்" என்றார்.

கட்டன் சாயாவாகத் தந்தார். சாயம் இளஞ்செம்பு நிறம். முதலில் சட்டியின் புகை, பிறகு பச்சைக் கொய்யாவை நினைவூட்டும் துவர்ப்பு, இறுதியில் நாவின் ஓரத்தில் மெல்லிய இனிப்பு. திண்மை குறைவு, சுவைஞர் உயர்ந்த மதிப்பு இடமாட்டார். தொழிற்சாலை ஓடிய காலத்தில் கிடைத்ததோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேட்டேன். அப்போது தமக்குக் கிடைத்தது சாக்கின் அடியில் தங்கும் தூள்தான் என்றும், முழு இலையை ஊறவைத்துக் குடிப்பது தோட்டம் நின்ற பிறகே என்றும் கூறினார்.

காகிதத்தில் மடித்து ஒரு கைப்பிடி கொடுத்தனுப்பினார். நண்பரின் அலமாரியில் அது இப்போது ஊவாவுக்கும் நீலகிரிக்கும் இடையில் இருக்கிறது. புட்டியில் ஒட்டும் தாளில் 'போனக்காடு' என்று தமிழில் எழுதித் தந்தேன்.