பதிவேட்டில் ஏறாத கை

எம்.ஏ. வகுப்பில் செவிலி என்றால் தலைவியை வளர்த்த தாய். அகப்பாடல்களில் அவளுக்குப் பேச்சுண்டு, பெயர் கிடையாது. இன்றைய செவிலியரோ பெயர் பதிந்தவர். இடையில் இருப்பது 1926இன் சென்னை செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம். பயிற்சியும் சான்றிதழும்தான் அதன் வாசல். ஐடா ஸ்கடர் 1909இல் வேலூரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து 1946இல் பட்டப்படிப்பு வந்தது. பெண்ணுக்குச் சம்பளமும் சொந்தப் பெயரும் தந்த படிப்பு, மறுப்பதற்கில்லை.

ஆனால் பதிவு என்பது விலக்கலும்கூட. சேரப்பணஞ்சேரியில் எங்கம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது நாவிதர் வீட்டுக் கிழவி. கைராசிக்காரின்னு சொல்வாங்க, பேறுகாலம் தவிர திண்ணை தாண்ட விடமாட்டாங்க. மருத்துவச்சி என்ற சொல் சட்டத்தின் தலைப்பில் ஏறியது, அவள் ஏறவில்லை.

அவள் பேத்தி இப்போது நர்ஸிங் மூன்றாம் வருஷம். பதிவெண் வரும். சாதி சுமத்திய வேலை தொழிலாகும். கிழவியின் கைக்குத் தெரிந்ததை மட்டும் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.