திருகோணமலைக் கோட்டையும் திட்டிவாசலும்

அரணின் வலிமையை அதன் மதிலைக் கொண்டு மதிப்பிடுதல் வழக்கம். ஆயின், அதன் மிகச் சிறிய வாயிலையும் நோக்கியே மதிப்பிடல் வேண்டும் என்பதனைத் திருகோணமலையின் வரலாறு உணர்த்துகின்றது.

பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பிய இடத்தில் ஒல்லாந்தர் பின்னர்த் தமது அரணை அமைத்தனர். உட்டுறைமுகத்தை ஒஸ்ரன்பேர்க் கோட்டை காத்து நின்றது. 1782ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூசின் படையினர் கரையிறங்கினர். ஒல்லாந்தத் தலைவர் சரணடைவதற்கான நிபந்தனைகளை எழுதிக்கொண்டிருந்தார். அவ்வேளை பெருங்கதவினுள் அமைந்த சிறு கதவாகிய திட்டிவாசல் திறந்திருந்தது. அதன் வழியே வீரர் உட்புகுந்து கோட்டையைக் கைப்பற்றினர். மதிலை இடிக்கவேண்டிய தேவை எழவில்லை. ஒஸ்ரன்பேர்க்கையோ 11ஆம் நாள் போரிட்டே கொள்ளவேண்டியிருந்தது.

கப்பலுக்குத் துறை உள்ளமை போன்று வலையமைப்பிலுள்ள கணினிக்கும் துறைகள் உள. அவை கண்ணாற் காணும் வாயில்கள் அல்ல. 65,535 வரை செல்லும் எண்களேயாம். இணையப் பக்கங்களுக்கு 80, 443 ஆகியனவும், மின்னஞ்சலை ஏற்பதற்கு 25உம் உரியன. யாதேனும் ஒரு செயலி ஓர் எண்ணில் அழைப்பை எதிர்நோக்கியிருப்பின் அத்துறை திறந்துள்ளது என்பர். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பரவத் தொடங்கிய மொறிஸ் புழு ஆயிரக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. மின்னஞ்சற் செயலியிற் பிழை திருத்துவோருக்கென வைக்கப்பட்ட வசதி அடைக்கப்படாது விடப்பட்டிருந்தமை அது புகுந்த வழிகளுள் ஒன்றாகும். இதுவும் ஒரு திட்டிவாசலே.

வீட்டுக் கணினியை உடையோர் இதனை இருவகையில் ஆராயலாம். நெட்ஸ்டாட் என்னும் கட்டளை, உள்ளிருந்து எத்துறைகள் காத்திருக்கின்றன என்பதனைக் காட்டும். 1997இல் வெளிவந்த என்மேப் என்னும் மென்பொருளைப் பிறிதொரு கணினியில் இயக்கின், அயலார் கண்ணுக்கு எவை புலப்படும் என்பது விளங்கும். இடையிலுள்ள தீச்சுவர் சிலவற்றை மறைக்குமாதலின் இவ்விரு விடைகளும் வேறுபடலாம். தமது கணினியை மட்டுமே இவ்வாறு சோதித்தல் முறையாகும்.

துறை திறந்திருத்தல் தானே குற்றமன்று. எல்லாத் துறையும் அடைபட்டால் வணிகமும் இல்லை, செய்தியும் இல்லை. திறந்திருப்பதனை உடையவர் அறியாதிருத்தலே குற்றம். தேவையற்ற செயலியை நிறுத்தின் அதன் துறையும் அடைபடும். எனினும், புதிய செயலி ஒவ்வொன்றும் புதிய துறையைத் திறக்கக்கூடும். 1782 சனவரியில் வென்ற ஆங்கிலேயரே அவ்வாண்டு ஆகத்து இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சவ்ரனிடம் இரு கோட்டைகளையும் இழந்தனர். காவல் என்பது ஒருநாளிற் செய்து முடிக்கும் கடமையன்று.