வயலில் வேலை, வயிற்றில் பிள்ளை

2004-ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு புகைப்படம் வந்தது. ரெண்டு டாக்டர்கள். ஒருத்தர் புனேக்காரர் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யுட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலா 22.3. உடம்புல இருக்கிற கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2! பார்க்க ஒல்லியா இருக்கறவர்கிட்ட இவ்வளவு கொழுப்பு எங்கேர்ந்து வந்தது?

கதை இங்கிலாந்துல ஆரம்பிக்குது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல 1911-லேர்ந்து செவிலியர்கள் ஒவ்வொரு குழந்தையோட எடையையும் பேரேட்டுல எழுதி வெச்சாங்க. பிறந்தப்ப ஒரு தடவை, ஒரு வயசுல ஒரு தடவை. பல வருஷம் கழிச்சு டேவிட் பார்க்கர் குழு அந்தப் பேரேடுகளைப் புரட்டி, 1911-30ல பிறந்த 5,654 ஆண்கள் என்ன ஆனாங்கன்னு தேடினாங்க. (எங்க ப்ராஜக்ட்ல போன வருஷ டாக்குமெண்ட்டே கிடைக்காது, அது வேற விஷயம் :-)) 1989-ல வந்த முடிவு: அப்ப எடை ரொம்பக் கம்மியா இருந்தவங்கதான் இதயநோய்ல அதிகமா செத்திருந்தாங்க. வறுமைதான் ரெண்டுக்கும் காரணம்னு அப்பவே சிலர் சண்டைக்கு வந்தாங்க. நியாயமான கேள்விதான்.

அடுத்து புனே. 1993-ல யாஜ்னிக் குழு பக்கத்துல ஆறு கிராமங்கள்ல கர்ப்பிணிகளைக் கவனிக்க ஆரம்பிச்சது. என்ன சாப்பிட்டாங்கன்னு மட்டும் இல்ல, என்ன வேலை செஞ்சாங்கன்னும் எழுதினாங்க. வயல் வேலை, தண்ணி எடுக்கறது, துணி துவைக்கறது எல்லாத்துக்கும் மார்க்! 2003-ல வெளியான கட்டுரைப்படி, கர்ப்பத்துல அதிகமா உழைச்ச அம்மாக்களோட குழந்தைங்க சின்னதாப் பிறந்தாங்க. பால், கீரை, பழம் அதிகமா சாப்பிட்டவங்க குழந்தைங்க பெருசா இருந்தாங்க.

'அம்மா வேலைக்குப் போனா பிள்ளை குண்டாயிடும்'னு நம்மாளுங்க பேசறப்ப ஆபீஸ் போறவங்களைத்தான் சொல்றாங்க. தலையில குடம் சுமக்கறது வேலைன்னு எவன் கணக்குல வெச்சான்? அந்தக் குடத்தை வேற யாராவது தூக்கியிருக்கலாமேன்னுகூட கேக்கறதில்ல.

அந்தக் குழந்தைங்க சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்து சவுத்தாம்ப்டன்ல 3.5. ஆனா சுருங்கினது தசையும் வயித்து உறுப்புகளும்தான், தோலுக்கடியில இருக்கிற கொழுப்பு அவ்வளவா குறையலை. ஒல்லி, ஆனா கொழுப்பு. ஃபோட்டோ புதிருக்கு இதுதான் பாதி விடை.

அவங்களை விடாம பின்தொடர்ந்தாங்க. 18 வயசு முடிவுகள் 2021-ல வந்துச்சு. பெரும்பாலும் ஒல்லிதான். ஆனா பசங்கள்ல 37 சதவீதம், பொண்ணுங்கள்ல 18 சதவீதம் பேருக்கு அதுக்குள்ளயே ரத்தத்துல சர்க்கரை இருக்க வேண்டியதை விட அதிகம்.