களைகொல்லியும் பீலி நீரும்: நானுஓயாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலையக வரலாற்றை எழுதியோர் மலையின் மேற்பரப்பையே பெரிதும் எழுதினர். 1869இல் கோப்பியைப் பற்றிய இலைத்துரு நோய், அதன்பின் பரந்த தேயிலை, 1885இல் நானுஓயாவை எட்டிய புகையிரதம் ஆகியன யாவரும் அறிந்தவை. மலையின் உள்ளே நீர் எவ்வழிச் சென்றது, எத்துணைக் காலம் தங்கிற்று என்பது அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. ஆயினும் தேயிலைச் சரிவின் அடியில் ஊற்றெடுத்துப் பீலியில் விழும் நீரையே லயத்து மக்கள் பலர் குடித்து வந்துள்ளனர். அது சென்ற வாரத்து மழையா, பல்லாண்டுகளுக்கு முந்திய மழையா?

இவ்வினாவுக்குக் களைகொல்லியின் எச்சம் சான்றாதல் கூடும். அகழ்வில் கிடைக்கும் நாணயம் மண்ணடுக்கின் காலத்தை உணர்த்துவது போல, எப்போது தெளிக்கப்பட்டதென்று தெரிந்த இரசாயனம் நீரின் காலத்தை உணர்த்தும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சீடர் ஆற்றைப் பற்றி 1993இல் வெளிவந்த ஆய்வொன்று, மழையற்ற நாட்களில் ஆற்றிற் காணப்பட்ட அட்ரசீன் தரைக்கீழ் நீரின் வழியே வந்ததெனக் காட்டிற்று. ஜேர்மனியில் 1991இல் அட்ரசீன் தடைசெய்யப்பட்டது. தடைக்குப் பின்னரும் பல்லாண்டுகள் அந்நாட்டுத் தரைக்கீழ் நீரில் அதன் எச்சம் காணப்பட்டது.

நம் மலைகளில் நிலைமை வேறு. நெடுங்காலம் களையெடுப்பு சுரண்டி பிடித்த கைகளின் கொந்தரப்பு வேலையாகவே இருந்தது. புல்லோடு மேல்மண்ணும் போயிற்று. பின்னர் வந்தவை, உலகச் சந்தையில் 1962இல் தோன்றிய பரகுவாட்டும் 1974இல் தோன்றிய கிளைபோசேட்டும் ஆகும். இவ்விரண்டும் களிமண் துகள்களை இறுகப் பற்றிக்கொள்வன. அடைமழையில் மண்ணோடு அரிபட்டு ஓடையை அடையுமேயன்றி, ஆழ இறங்கி ஊற்றை அடைதல் அரிது. மண்ணரிப்புக்கு அவை நல்ல சாட்சிகள், நீருக்கு அல்ல.

2015இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. உலர்வலயச் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. தோட்டங்கள் சில எம்.சி.பி.ஏ. என்னும் மாற்றுக் களைகொல்லியை நாடின. இது மண்ணை இறுகப் பற்றுவதன்று, நீரோடு செல்வது. உயிருள்ள மேல்மண்ணில் சில வாரங்களிற் சிதைந்துவிடுவதும் ஆகும். ஆகவே பீலியில் அது காணப்படுமாயின், மழைநீர் மண்ணில் தங்காது, வேர்த்துளைகள், பாறைப்பிளவுகள் ஊடாக விரைந்து இறங்கிற்று என்றே கொள்ளல் வேண்டும். (காணப்படாவிடின் நீர் தூயதென்று முடிவுகட்டுதல் அவசரமாகும்.) தேயிலையில் அதன் எச்சம் பற்றி யப்பானிலிருந்து முறைப்பாடு எழுந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீள அனுமதிக்கப்பட்டது. இலைக்கு வாங்குவோன் இருந்தான்; அவன் கேட்டான். பீலி நீருக்கு அத்தகையோன் இல்லை.

இவ்விடத்தில் வரலாற்று மாணவருக்கும் ஒரு பணி உண்டு. எந்த மலையில், எந்த நாளில், எம்மருந்து தெளிக்கப்பட்டதென்பதைத் தோட்டக் காரியாலயத்துச் செக்ரோலிலும் மருந்துக் கணக்கிலுமே தேடல் வேண்டும். கூலி கணக்கிட எழுதிய ஏடு நீரின் கால அட்டவணையாகும். அதனருகே வைத்து ஒப்பிட, தை மாசியின் வறண்ட நாட்களில் ஒரு போத்தல் நீரும், முதற் பெருமழையின் மறுநாள் அதே பீலியில் இன்னொரு போத்தல் நீரும் எடுத்தால் தொடக்கத்துக்குப் போதும்.