மேற்படிப்பும் பெற்றோர் கடமையும்: மதுரை வட்டார வரலாறு காட்டும் வழி

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் பணியை எண்ணிப் பார்க்குங்கால், எழுதப் படிக்க அறியாத நம் தாய் தந்தையரே முதற்கண் நினைவுக்கு வருகின்றனர். பள்ளி வாயிலை மிதித்தறியாத அவர்கள், தம் மக்களை மேல்நிலை வகுப்பு வரை கொண்டுவந்து சேர்த்தனர். ஆயினும், “பிள்ளை படிக்கும் பாடம் நமக்குத் தெரியாதே, நாம் என்ன துணை செய்ய முடியும்?” என்று அவர்கள் ஆண்டுதோறும் நம் மாலை வகுப்புகளில் வினவுகின்றனர். இவ்வினாவுக்கு நம் வட்டாரத்து வரலாறே விடை பகர்கிறது.

மதுரைக்கு அமெரிக்க மிஷன் 1834ஆம் ஆண்டு வந்தது. திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய அதன் உயர்கல்விப் பள்ளி, 1845இல் பசுமலைக்குப் பெயர்ந்தது. 1881இல் அமெரிக்கன் கல்லூரி தோன்றிற்று. சென்னையில் 1894இல் கர்னல் ஆல்காட் தாழ்த்தப்பட்டோர்க்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920 முதல் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் ஆணையர் வாயிலாகச் சேரிகளில் ‘லேபர் பள்ளிகள்’ எழுந்தன. இவற்றால் நம்மவருள் எழுத்தறிவு பரவியது உண்மையே. ஆயினும் உயர்நிலைப் பள்ளியோ நகரத்தில் இருந்தது. சேரியோ வயலோரத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் பலர். பத்தையும் பதினொன்றையும் எட்டியவர் மிகச் சிலர்.

இதற்குத் தீண்டாமையும் வறுமையும் காரணம் என்பதை யாவரும் அறிவர். நம் வட்டாரத்திற்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்ட பின் மேலூர், நிலக்கோட்டைப் பகுதிகளும் மதுரையைச் சூழ்ந்த ஊர்களும் நெல் விளையும் பூமியாயின. அவ்வயல்களில் தை, மாசி மாதங்களில் கதிரறுப்பு நடக்கும். திருமங்கலத்துக் கரிசற் காட்டிலோ மாசி, பங்குனியில் பருத்தி எடுப்பு நடக்கும். பள்ளியின் ஆண்டிறுதித் தேர்வும் அதே மாதங்களில்தான் வந்து நிற்கிறது. ஆண்டு முழுவதும் அரைவயிற்றுக் கஞ்சி குடித்த குடும்பத்திற்கு, அறுப்புக் காலத்துக் கூலி நெல்லே சேமிப்பாகும். அந்நேரத்தில் பதினாறு வயது மகனோ மகளோ களத்தில் இறங்காமல் புத்தகத்துடன் அமர்ந்தால், அந்த வீட்டுக்குச் சில மரக்கால் நெல் குறைந்துபோகும். அக்குறைவைப் பொறுத்துக்கொண்ட தாயும் தந்தையுமே நம்முள் முதன்முதல் கல்விக் கொடை அளித்தவர்கள் ஆவர்.

இத்தகைய பெற்றோர்க்கு நாடறிந்த சான்றாக விளங்குபவர் அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால். பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பம்பாய் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் அக்குடும்பம் வாழ்ந்தது. மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, இரவு இரண்டு மணி வரை தாம் விழித்திருந்து, பின் அவரை எழுப்பிப் படிக்கவிட்டுத் தாம் உறங்குவார் அத்தந்தை. நூல் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற தம் பெண்களிடம் நகையை இரவல் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். அம்மகன் 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். இராம்ஜி கற்றறிந்தவர் என்பது மெய்யே. ஆனால் இரவில் விழித்திருக்கவும், இடம் ஒழித்துத் தரவும், நகையை ஈடு வைக்கவும் எழுத்தறிவு தேவையில்லை. மன உறுதி ஒன்றே போதும்.

இனி நம் மதுரையை நோக்குவோம். 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர் நுழைந்தனர். அவர்களுள் ஒருவர், மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். அவரே 1957 முதல் 1967 வரை தமிழக அமைச்சராக விளங்கினார். கோயிற்கதவு ஒரு காலைப்பொழுதில் திறந்தது. கல்லூரிக் கதவைத் திறக்கவோ ஒரு தலைமுறைக்கு மேல் பிடித்தது. 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மத்திய அரசின் உதவித்தொகை தொடங்கிற்று. 1949இல் தியாகராசர் கல்லூரியும், 1954இல் மருத்துவக் கல்லூரியும், 1966இல் பல்கலைக்கழகமும் மதுரையில் அமைந்தன. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. நலத்துறை விடுதிகள், ஊரைவிட்டு வந்த பிள்ளைக்குச் சோறும் உறைவிடமும் தந்தன.

1978இல் ‘பிளஸ் டூ’ என்னும் மேல்நிலைக் கல்வி தமிழகத்தில் புகுந்தது. 1980இல் அதன் முதற் பொதுத்தேர்வு நடைபெற்றது. அதுவரை கல்லூரியில் சேர்ந்து பயில வேண்டியிருந்த புகுமுக வகுப்புக்கு ஈடான படிப்பு, பள்ளிக்கே வந்தது நமக்கு நன்மையாயிற்று. ஆனால் இரண்டே ஆண்டுகளில் வாழ்வின் திசையைத் தீர்மானிக்கும் கடும் படிப்பாக அது அமைந்தது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்து, 2007இல் நீங்கியது. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு ‘நீட்’ தேர்வு கட்டாயமாயிற்று. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. தேர்வுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பிள்ளைக்கு வீட்டில் கிடைக்க வேண்டிய துணை மட்டும் மாறவில்லை.

அத்துணை யாது? முதலாவது, நேரம். கதிரறுக்க இன்று எந்திரம் வந்துவிட்டது. ஆயினும் சென்டரிங் வேலை, பந்தல் வேலை, பெயின்ட் வேலை என்று கைமேற் காசு தரும் கூலி நம் பிள்ளைகளை இழுக்கிறது. விடுமுறை நாளில் சென்றவன் வேலை நாளிலும் செல்லத் தொடங்குவான். அவ்விரண்டு ஆண்டுகள் அக்கூலியை எதிர்பாராதிருத்தல் வேண்டும். இரண்டாவது, இடமும் அமைதியும். ஒற்றை அறை வீட்டிலும் மாலையில் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தலாம். பங்குனிப் பொங்கலின்போது ஒலிபெருக்கியை இரவு முழுவதும் முழக்கும் வழக்கத்தை ஊர்க்கூட்டத்தில் பேசிக் குறைக்கலாம். குடித்துவிட்டு வரும் தந்தையின் கூச்சல், கணக்குப் பாடத்தினும் கடினமானது என்பதை நம் மாணவர் பலர் கண்ணீரோடு கூறக் கேட்டிருக்கிறோம்.

மூன்றாவது, உறக்கமும் உணவும். இரவெல்லாம் விழித்துப் படிப்பதே பெருமை என்று கருதற்க. உறங்காத பிள்ளைக்குப் படித்தது நில்லாது. அண்ணலின் தந்தையார் முதலில் மகனை உறங்கவைத்தார் என்பதை மறத்தலாகாது. நான்காவது, பள்ளிக்குச் செல்லுதல். பெற்றோர் கூட்டத்திற்கு அழைத்தால், “நாம் போய் என்ன பேசுவது?” என்று கூசி நிற்க வேண்டா. “என் பிள்ளை ஒழுங்காக வருகிறானா? எந்தப் பாடத்தில் பின்தங்குகிறான்?” என்னும் இரு வினாக்கள் போதும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்னதாகவே ஆயத்தம் செய்க. காலம் தாழ்ந்த சான்றிதழால் உதவித்தொகையை இழந்தவர்களை நாம் அறிவோம்.

பெண் மக்கள் குறித்துத் தனியே கூறல் வேண்டும். மேல்நிலைக் கல்வி வந்த அதே 1978இல் பெண்ணின் திருமண வயதும் பதினைந்திலிருந்து பதினெட்டாகச் சட்டத்தால் உயர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பெண்ணுக்குப் பதினேழு வயதே ஆகிறது. ஆயினும் குடிநீர் சுமப்பதும், தம்பி தங்கையரைப் பார்ப்பதும், அடுப்படியும் அவள் தலைமீதே விழுகின்றன. மகன் படிக்கும் நேரம் மகளுக்கும் உண்டு என்று வீட்டில் விதி செய்தல் பெற்றோர் கடமை. அவ்விதிக்கு மகனும் ஒரு குடம் நீர் சுமந்து துணை நிற்கட்டும்.

இறுதியாக ஒன்று. தேர்வில் தவறிய பிள்ளையை, “நம் குலத்துக்குப் படிப்பு ஏறாது” என்று சொல்லி மறுநாளே வேலைக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இச்சொல்லை நம்மை ஒடுக்கியவர்கள் நம் பாட்டனாரிடம் சொன்னார்கள். அதையே நாம் நம் பிள்ளையிடம் சொல்லலாமா? நம் மாலை வகுப்பில் பயின்ற ஒரு மாணவி வேதியியலில் தவறினாள். துப்புரவுப் பணி செய்யும் அவள் தாய், “இன்னொரு முறை எழுதட்டும், நான் இருக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். துணைத் தேர்வில் தேறிய அப்பெண் இன்று செவிலியாகப் பணிபுரிகிறாள். நம் மாலை வகுப்பில் வேதியியல் கற்பிக்க ஆசிரியர் உண்டு. “நான் இருக்கிறேன்” என்று சொல்ல அத்தாயால் மட்டுமே இயன்றது.

வெள்ளி விழாவைத் தொடர்ந்து பொன்விழா வரும். அம்மலரில் எழுதப் போகிறவர்கள், இன்று நம் வீடுகளில் புத்தகத்தை விரித்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளே. அவர்களுக்கு அருகில் சிறிது நேரம் விழித்திருப்போமாக.